கையில் பார்க்கும் பிரசர், சலத்தில் தெரியும் நோய்

பழுகாமத்தில் ஒரு கர்ப்பிணிக் கிளினிக். வாங்கில் இருபது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். கையில் பட்டியைச் சுற்றிப் பிரசர் பார்த்து முடிந்ததும் மிட்வைஃப் சலப் போத்தலைக் கேட்டார். தலைப்பிள்ளைக்காரி ஒருத்தி, ஏழாம் மாதம் இருக்கும், போத்தலை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "மிஸ், பிரசர் கையிலதானே பாத்தீங்க. பிறகு என்னத்துக்குச் சலத்தையும் பாக்கிறீங்க?"

"அது அப்பிடித்தான் புள்ள, கொண்டா" என்றார் மிஸ். அவரைக் குறை சொல்ல ஏலாது. வரிசை அவ்வளவு நீளம். ஆனால் அந்தக் கேள்வி ஒரு டொக்டர் கேட்கக்கூடிய கேள்வி. கையில் அளக்கிற அமுக்கத்துக்கும் சலத்தில் வருகிற புரதத்துக்கும் என்ன சம்பந்தம்? கர்ப்பிணிகளின் உயிரைப் பறிக்கும் ஒரு நோயின் முழு இரகசியமும் அந்தச் சம்பந்தத்துக்குள் இருக்கிறது. அன்று அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காத பதிலை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

எழுவான்கரை வாசகர்களுக்குப் பழுகாமம் புதிய இடமல்ல. களுவாஞ்சிக்குடியில் இருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் போரதீவுப்பற்று. அதிலே வாவி ஓரத்துப் பழைய தமிழூர் அது. வெள்ளாமைக்கென்று வாவி கடந்து போய்வந்த நம்மவர்களுக்குப் படுவான்கரை வாய்க்கால்கள் நன்றாகத் தெரியும். இந்த நோயை விளக்க அந்த வாய்க்கால்களை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. சற்றுப் பிறகு அதற்கு வருகிறேன்.

நோயின் பெயர் முன்சூல்வலிப்பு. கர்ப்பத்தின் இருபதாவது வாரத்துக்குப் பிறகு குருதி அமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் போய், அதோடு சலத்தில் புரதம் கசிவது, அல்லது ஈரல், சிறுநீரகம், மூளை, குருதித் தட்டுகள் ஆகியவற்றில் ஏதாவது பாதிக்கப்படுவது. 160/110 என்றால் அது அவசர நிலை. இந்த நோய் முற்றி வலிப்பு வந்தால் சூல்வலிப்பு. உலகில் நூறு கர்ப்பங்களில் இரண்டு முதல் எட்டு வரை இந்த நோயைச் சந்திக்கின்றன. இலங்கையில் 1950 அளவில் ஒரு இலட்சம் பிறப்புக்கு ஐந்நூறுக்கு மேல் இருந்த தாய் மரணம் 2010களில் நாற்பதுக்கும் கீழே இறங்கியது. வீடு வீடாய் நடந்த குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அப்படி இறங்கிய பிறகும் மிஞ்சியிருக்கும் மரணங்களின் முன்னணிக் காரணங்களில் ஒன்றாகக் கர்ப்பகால உயர் அமுக்கம் இருந்துகொண்டே இருக்கிறது.

முன்பு ஆங்கில வைத்தியத்தில் இதைக் கர்ப்ப நச்சேற்றம் என்ற பொருளில் 'டொக்ஸீமியா' என்றார்கள். குருதியில் ஏதோ ஒரு நஞ்சு கலந்திருக்கிறது என்பது அவர்களின் ஊகம். அது என்ன நஞ்சு, எங்கிருந்து வருகிறது என்று யாராலும் காட்ட முடியவில்லை. ஆகவே அந்தப் பெயரை மெல்லக் கைவிட்டார்கள். நம் பேச்சுத் தமிழிலோ பிள்ளையோடு வெளியே வரும் உறுப்புக்கே நஞ்சுக்கொடி என்றுதான் பெயர். பாடப் புத்தகம் சூல்வித்தகம் என்கிறது. நம் முன்னோர் இந்த நோயை அறிந்து அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்லிப் பெருமைப்படுவது நமக்குப் பழகிப்போன ஒரு பலவீனம். ஆனால் தேடிய நஞ்சு கடைசியில் அந்தக் கொடியில் இருந்துதான் வந்தது என்பது வேடிக்கையான உண்மை.

இனி வாய்க்காலுக்கு வருவோம். நவகிரிக் குளத்துத் தண்ணீர் வயலுக்கு வருகிறது. வாய்க்கால் வாய் அகலமாய் இருந்தால் தண்ணீர் அமைதியாய்ப் பரவிப் பயிரின் வேரெல்லாம் நனையும். வாய் ஒடுங்கியிருந்தால் இரண்டு கேடு வரும். மொத்தத்தில் தண்ணீர் போதாது. வருகிற கொஞ்சமும் பீய்ச்சிக்கொண்டு வந்து வரம்பை அரித்து நாற்றைச் சாய்க்கும்.

கருப்பைச் சுவரில் சுருள் நாடிகள் என்று நூறளவில் சிறிய குருதிக்கலன்கள் இருக்கின்றன. சாதாரண நாளில் அவை ஒடுங்கியவை. சுவரில் தசை இருப்பதால் சுருங்கவும் விரியவும் கூடியவை. கர்ப்பம் தரித்ததும் சூல்வித்தகத்தின் கலங்கள் இந்த நாடிகளுக்குள் இறங்கி, தசையை அகற்றி, வாயைப் பல மடங்கு அகலமாக்குகின்றன. கர்ப்பத்தின் முதற்பாதியிலேயே முடிய வேண்டிய வேலை இது. தாயின் நோயெதிர்ப்புக் கலங்களும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். பாதி தகப்பனுடையதான ஒரு பொருளைத் தன் உடம்புக்குள் குடியேற விடுவதற்கு அவை சம்மதிக்கிற காரியம் அது. தலைப்பிள்ளைக்காரிகளில் இந்த நோய் கூடுதலாய் இருப்பதற்கு அந்தச் சம்மதம் இன்னும் பழகாததும் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். பிரசவ காலம் நெருங்கும்போது நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் குருதி கருப்பைக்குப் போகும். அகன்ற வாய்கள் இருப்பதால்தான் அது முடிகிறது.

முன்சூல்வலிப்பில், குறிப்பாக மாதம் முற்ற முன்பே வரும் வகையில், இந்த அகலமாக்கும் வேலை அரைகுறையாய் நின்றுவிடுகிறது. நாடிகள் ஒடுங்கியபடியே இருக்கின்றன. குருதி போதாமலும், வருவது பீய்ச்சியடித்தும், சூல்வித்தகம் காயப்படுகிறது. பிள்ளை வளர்ச்சி குன்றுவது இதனால்தான். ஆனால் அதுவரை தாய்க்கு ஒன்றும் தெரியாது. தலையிடி இல்லை, வீக்கம் இல்லை, பிரசரும் சரி. நோய் மூன்றாம் நான்காம் மாதத்தில் வேர் பிடித்து, ஏழாம் எட்டாம் மாதத்தில் தலை காட்டுகிறது.

கருப்பைக்குள் நடந்த கோளாறு கையில், கண்ணில், சிறுநீரகத்தில் எப்படித் தெரிகிறது? இங்கேதான் குருதிக்கலனின் உள்விரிப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பாடப் புத்தகம் இதை அகவணி என்கிறது. உடம்பில் உள்ள ஒவ்வொரு குருதிக்கலனின் உட்புறத்திலும் ஒரே ஒரு கலத்தின் தடிப்பில் விரிந்திருக்கும் மெல்லிய படை. நெடுங்காலம் அதை வெறும் உறை என்றே நினைத்திருந்தார்கள். உண்மையில் அது ஓயாமல் வேலை செய்யும் ஓர் உறுப்பு. நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவைச் சுரந்து நாடிச் சுவரின் தசையைத் தளர்த்துவது அதுதான். இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். குருதி உறையாமல் பார்ப்பது, நீரும் புரதமும் வெளியே கசியாமல் தடுப்பது, வெண்கலங்கள் சுவரில் ஒட்டாமல் வழுக்கிப் போகச் செய்வது எல்லாம் அகவணியின் வேலை. நல்ல கர்ப்பத்தில் அது இன்னும் தாராளமாய்த் தளர்ந்து கொடுக்கும். அதனால்தான் நான்காம் ஐந்தாம் மாதத்தில் பெண்களுக்குப் பிரசர் வழமையை விடச் சற்றுக் குறையும்.

அகவணி நலமாய் இருக்க VEGF என்று சுருக்கமாய் அழைக்கப்படும், அதாவது 'வீ.ஈ.ஜி.எஃப்' என்ற ஒரு வளர்ச்சிப் புரதம் தொடர்ந்து கிடைக்க வேண்டும். 2003இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், சென்னையில் மருத்துவம் படித்துப் போன ஆனந்த் கருமாஞ்சி என்ற சிறுநீரக வைத்தியரும் அவருடைய குழுவினரும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். காயப்பட்ட சூல்வித்தகம் 'எஸ்-எஃப்.எல்.டி-1' என்ற புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் குருதிக்குள் விடுகிறது. அது தூண்டில் போல அந்த வளர்ச்சிப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அகவணிக்குப் போக வேண்டிய தீனி போவதில்லை. இந்தப் புரதத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கு அமுக்கம் ஏறியது, சலத்தில் புரதம் வந்தது, சிறுநீரகத்தில் அதே மாதிரியான சிதைவு தெரிந்தது. கர்ப்பமில்லாத எலிகளுக்கும் அப்படியே. இன்னொரு பக்கத்தில் இருந்தும் சாட்சி உண்டு. அதே வளர்ச்சிப் புரதத்தைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகளைப் பெறும் நோயாளிகளில் சிலருக்கும் பிரசர் ஏறிச் சலத்தில் புரதம் கசிகிறது. பழைய வைத்தியர்கள் தேடிய 'நஞ்சு' ஏறக்குறைய அகப்பட்டது என்று சொல்லலாம்.

ஏறக்குறைய என்றுதான் சொல்கிறேன். ஏனெனில் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது, அது அழற்சி. காயம் பட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்குவதை எல்லோரும் அறிவோம். அதே செயல்பாடு புண் இல்லாமலே உடம்பு முழுவதும் தாழ்ந்த சூட்டில் நடக்கலாம். சாதாரணக் கர்ப்பத்திலேயே தாயின் வெண்கலங்கள் ஓரளவு உசுப்பப்பட்டுத்தான் இருக்கின்றன. 1999இல் ஒக்ஸ்ஃபோர்ட்டைச் சேர்ந்த ரெட்மனும் சார்ஜன்டும் முன்வைத்த கருத்து இது: எல்லாக் கர்ப்பத்திலும் இருக்கும் இந்த அழற்சி எல்லை மீறிப் போவதே முன்சூல்வலிப்பு. குருதி போதாத சூல்வித்தகம் தன் மேற்பரப்பின் துண்டு துணுக்குகளைத் தாயின் குருதிக்குள் உதிர்க்கிறது. வெண்கலங்கள் அவற்றைக் கண்டு கிளர்ந்து, அழற்சியை மூட்டும் வேதிப் பொருட்களைச் சுரக்கின்றன. அவை பட்டதும் அகவணி தன் வழுவழுப்பை இழந்து பிசுபிசுக்கிறது. வெண்கலங்கள் ஒட்டுகின்றன. நைத்திரிக் ஒட்சைட்டு குறைகிறது. கலனைச் சுருக்கும் பொருட்கள் கூடுகின்றன. கலன் சுவர் பொறுக்காமல் கசியத் தொடங்குகிறது. தீனி குறைந்த அகவணியை அழற்சி இலகுவாய்க் கெடுக்கிறது. கெட்ட அகவணி அழற்சியை இன்னும் கூட்டுகிறது. உடல் பருமன், நீரிழிவு, முன்பே இருந்த பிரசர், சிறுநீரக நோய், லூபஸ் உள்ள பெண்களுக்கு ஆபத்து அதிகம் என்பதன் பொருளும் இப்போது விளங்கும். அவர்களுடைய அகவணி கர்ப்பம் தரிக்க முன்பே அரைவாசி களைத்துப் போயிருக்கிறது. சூல்வித்தகம் சிறிதளவு தடுமாறினாலும் அதற்குத் தாங்காது.

இதை அளந்தும் பார்க்கலாம். முழங்கைக்கு மேலுள்ள நாடியை ஸ்கேனில் அளந்துவிட்டு, பட்டியை இறுக்கி ஐந்து நிமிடம் குருதியைத் தடுத்துப் பிறகு தளர்த்துவார்கள். நலமான அகவணி என்றால் திரும்பப் பாயும் குருதிக்கு நாடி நன்றாய் விரிந்து கொடுக்கும். முன்சூல்வலிப்பு உள்ள பெண்களில் அந்த விரிவு குறைவு. நோய் வெளிப்பட முன்பே குறைவு. பிள்ளை பிறந்து ஆண்டுகள் கழித்தும் பலருக்குக் குறைவு. இந்தக் கடைசி விடயத்தை ஞாபகத்தில் வையுங்கள்.

இப்போது பழுகாமத்துப் பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். மகள், கையில் பார்ப்பது உன் கலன்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்பதை. சலத்தில் பார்ப்பது அவை எவ்வளவு கசிகின்றன என்பதை. சிறுநீரகத்தின் வடிகளிலும் இதே அகவணிதான் விரிந்திருக்கிறது. அது பழுதானால் குருதியில் நிற்க வேண்டிய புரதம் சலத்தில் வந்துவிடும். சலத்தைச் சூடாக்கினால் அந்தப் புரதம் முட்டையின் வெள்ளைக்கரு போல வெளுத்துக் கலங்கும். சூல்வலிப்பு வந்த பெண்களின் சலத்தில் இதை 1843இலேயே லண்டன் வைத்தியர் ஜோன் லீவர் கண்டார். நூற்றெண்பது வருடமாகியும் நம் கிளினிக்கில் அந்தச் சோதனை நிற்கிறதென்றால் அது பழமை பாராட்டுவதல்ல. உடம்புக்குள் எட்டிப் பார்க்க இவ்வளவு மலிவான ஜன்னல் வேறில்லை. இரண்டு புரதங்களின் விகிதத்தைக் குருதியில் அளக்கும் புதிய பரிசோதனை மேற்கு நாடுகளில் பாவனைக்கு வந்திருக்கிறது. அது நம் ஊர்க் கிளினிக்குக்கு வரும்வரை கைப்பட்டியையும் சலப் போத்தலையும் மதித்து நடப்போம்.

கசிவு எங்கே நடக்கிறதோ அதற்கேற்ப அறிகுறி வரும். மூளையில் என்றால் விடாத தலையிடி, கண்ணுக்குள் பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, முற்றினால் வலிப்பு. ஈரலில் என்றால் வலப்பக்க விலாவுக்குக் கீழே அல்லது நெஞ்சுக்குழியில் நோவு. இதைத்தான் நம் வீடுகளில் "கேஸ் புள்ள, இஞ்சித் தண்ணி குடி" என்று கழித்துவிடுகிறார்கள். நுரையீரலில் என்றால் மூச்சு முட்டும். கால் வீக்கத்தை மட்டும் வைத்துப் பயப்படத் தேவையில்லை, கர்ப்பிணிகள் பலருக்கும் அது வரும். முகமும் கையும் திடீரென்று ஊதினால்தான் கவனிக்க வேண்டும்.

வலிப்பைப் பற்றி ஒரு வார்த்தை, சிலருக்குக் கசந்தாலும். கர்ப்பிணிக்கோ பிள்ளை பெற்றவளுக்கோ வலிப்பு வந்தால் ஜின் பார்வை என்று ஓதிப் பார்க்கக் கூட்டிப்போகும் வழக்கம் இன்னும் முற்றாய் ஒழியவில்லை. ஓதுவதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்புலன்ஸுக்குள் உம்மா பக்கத்தில் இருந்து ஓதலாம். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஓதும் அரை மணித்தியாலம்தான் ஆளைக் கொல்கிறது. பிள்ளைப்பேற்றில் மௌத்தாகும் பெண்ணுக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு என்று ஹதீஸ் வருகிறது. அது பறிகொடுத்த வீட்டுக்கு ஆறுதல். பிந்திப் போனதற்கு நியாயமாய் அதை எடுத்துச் சொல்வதைக் கேட்கும்போது மனம் பொறுக்கவில்லை.

வலிப்புக்கு மருந்து மக்னீசியம் சல்பேற்று. எப்சம் உப்பு என்று கடையில் விற்கும் அதே பொருளின் சுத்தமான ஊசி வடிவம். 1995இல் வெளியான ஒரு பன்னாட்டுச் சோதனை, மறுபடி வலிப்பு வராமல் தடுப்பதில் மற்ற வலிப்பு மருந்துகளை விட அது மேல் என்று காட்டியது. 2002இல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களில் நடந்த 'மக்பை' சோதனை, வலிப்பு வர முன்பே கொடுத்தால் அதன் ஆபத்தைப் பாதிக்குமேல் குறைக்கிறது என்று நிறுவியது. பிரசருக்கு மெத்தில்டோபா, நிஃபெடிபின், லபெட்டலோல் போன்றவை உண்டு. லொசார்ட்டன் வகைகளும் 'பிறில்' என்று முடியும் மாத்திரைகளும் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. முன்பே அவற்றைக் குடித்துவரும் பெண் பிள்ளை உண்டாக நினைத்ததுமே டொக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் இவையெல்லாம் நேரம் வாங்கித் தருபவை மட்டுமே. நோயின் வேர் சூல்வித்தகம். அது வெளியேறினால்தான் நோய் இறங்கும். "இன்னும் நாள் ஆகல்லியே, ஏன் அவசரப்பட்டுப் பிள்ளைய எடுக்கிறாங்க?" என்று வார்டு வாசலில் நிற்கும் மாமிமாருக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

தடுக்க வழி உண்டா? ஓரளவு. முன்பு இந்த நோய் வந்தவர்கள், நீரிழிவு, நாட்பட்ட பிரசர், சிறுநீரக நோய் உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள் ஆகியோருக்கு டொக்டர் சிறிய அளவு அஸ்பிரின் கொடுப்பார். பதினாறு வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன். சுருள் நாடிகளின் வேலை நடக்கும் காலம் அது. 2017இல் வெளியான 'அஸ்பிரே' சோதனையில், முதல் மூன்று மாதத்துப் பரிசோதனையில் ஆபத்து அதிகமென்று தெரிந்த பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் கொடுத்ததில், 37 வாரத்துக்கு முன் வரும் முன்சூல்வலிப்பு அறுபது வீதத்துக்கு மேல் குறைந்தது. யாரும் தானாய் வாங்கிக் குடிக்கும் மருந்தல்ல இது. கல்சியம் குறைவாய்ச் சாப்பிடும் சமூகங்களில் கல்சியம் மாத்திரையும் பயன் தருகிறது. கிளினிக்கில் இரும்புச் சத்து மாத்திரையோடு தருகிற அந்தப் பெரிய வெள்ளைக் குளிசையைப் பின்வளவில் எறியும் பிள்ளைகள் இதை வாசித்தால் நல்லது. உப்பைக் குறைத்தால் இந்த நோய் வராது என்பதற்கு ஆதாரமில்லை.

உம்மாவுக்கோ கூடப்பிறந்த ராத்தாவுக்கோ இது வந்திருந்தால் மகளுக்கும் வரும் வாய்ப்புக் கூடும். இந்த விடயத்தில் மட்டக்களப்புப் பெண்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் பக்கத்தில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். மகள் உம்மாவின் வளவிலேயே குடியிருக்கிறாள். "என்னைப் பெறக்குள்ள உங்களுக்குப் பிரசர் இருந்ததா உம்மா?" என்று கேட்க வாசலைத் தாண்டவும் தேவையில்லை. கேட்டு, அதை முதல் கிளினிக்கிலேயே சொல்லுங்கள். இரண்டாம் மாதத்திலேயே பதியச் சொல்வதும் இதற்காகத்தான். "மூணு மாசம் போகட்டும், கண் படும்" என்று மறைத்து வைத்தால் அஸ்பிரினுக்கான காலம் கடந்துவிடும்.

நோன்பு பற்றியும் கேட்பார்கள். தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வருமென்று அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பை விடும் சலுகை உண்டு என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடில்லை; பிந்தி எப்படி ஈடு செய்வது என்பதில்தான் பேச்சு. பிரசருக்கு வேளை தவறாமல் மாத்திரை குடிக்க வேண்டியவள், சஹருக்கும் இஃப்தாருக்கும் இடையில் வேளையைத் தானே மாற்றிக்கொள்வது ஆபத்து. டொக்டரிடம் கேட்டு, பிறகு ஊர் ஆலிமிடம் கேட்கட்டும்.

இந்த நோய்க்குத் தூரமும் தாமதமும் கூட்டாளிகள். 2007 வரை படுவான்கரை வேறொரு நிர்வாகத்தின் கீழ் இருந்தது. சோதனைச் சாவடி, மூடிய பாதை, இரவில் நிற்கும் தோணி. பிரசர் ஏறிய பெண்ணுக்கு வாவி கடலாய் இருந்த காலம் அது. 2014இல் மண்முனைப் பாலமும் வந்தது. இப்போது 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வருகிறது. படுவான்கரையின் பாதை இப்படித் திறந்திருக்க, எழுவான்கரையில் ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம் வீடுகளில் வேறொரு சாவடி நிற்கிறது. "மாப்பிள கட்டாரில, கோல் எடுத்துக் கேட்டிட்டுப் போவம்." அங்கே வேலை நேரம், போன் எடுக்கவில்லை, இங்கே 170/110. கணவன்மார் வெளிநாடு போக முன்பே "ஆஸ்பத்திரி என்று வந்தால் என்னைக் கேட்டு நிற்க வேண்டாம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனால் எத்தனையோ மணித்தியாலம் மிச்சமாகும்.

பிள்ளை பிறந்ததும் ஆபத்து முடிந்தது என்று நினைக்கக் கூடாது. நஞ்சு வெளியேறினாலும் குருதியில் கலந்தது வடிய நாட்கள் எடுக்கும். பிரசவத்துக்குப் பின் வரும் வலிப்பில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் வருகிறது. சில வாரங்கள் பிந்தியும் வரலாம். வைத்தியக் கணக்கில் பிரசவத்துக்குப் பின்னான காலம் 42 நாள். நிஃபாஸ் உடைய வழமையான நாற்பதோடு அது ஏறக்குறைய ஒத்துப் போகிறது. அந்த நாற்பதில் தாயை அறைக்குள் வைத்து மஞ்சளும் சரக்கும் கொடுத்துப் பார்ப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் அவள் தலையிடி என்றால் "குளிர் புடிச்சிட்டு" என்று தைலம் பூசி விடாமல் முதலில் பிரசரைப் பாருங்கள். வீடு தேடி வரும் மிட்வைஃபை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள்.

அதற்கும் பிறகு? ஆண்டுகள் கழித்தும் நாடி முழுதாய் விரிவதில்லை என்று மேலே சொன்னதை இங்கே எடுத்துக்கொள்வோம். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2007இல் வெளியான கணக்கின்படி, முன்சூல்வலிப்பு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரப் பிரசர் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட மூன்றரை மடங்குக்கு மேல். மாரடைப்பு போன்ற இதயநாடி நோய் இரண்டு மடங்களவு. பாரிசவாதமும் ஏறக்குறைய அப்படியே. கர்ப்பம் அந்த அகவணியைச் சோதித்துப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிட்டது என்பது சிலர் கருத்து. நோயே அதைக் கெடுத்துவிட்டது என்பது வேறு சிலர் கருத்து. இரண்டும் உண்மையாய் இருக்கலாம். எதுவானாலும் அந்தப் பெண் வருடத்துக்கு ஒருமுறையாவது பிரசரும் சீனியும் பார்க்க வேண்டியவள். நாம் என்ன செய்கிறோம்? பிள்ளைக்கு ஊசி போடும் அட்டையைப் பவுன் போலப் பாதுகாக்கிறோம். தாயின் கர்ப்ப அட்டை அலுமாரியின் அடித்தட்டுக்குப் போய், ஒருநாள் குப்பையோடு எரிகிறது. 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகும்போது அந்த அட்டை கையில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் "மூத்த புள்ளைக்குப் பிரசர் ஏறினது, சலத்திலயும் வந்தது" என்று வாயாலாவது சொல்லுங்கள். அவர்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.